இரண்டு கிணறுகளும் ஒரு தலையாட்டலும்

நான் வேலை பார்த்த ஆராய்ச்சிக் கழகத்தில் புது ஏற்பாடு ஒன்று வந்திருக்கிறதாம். கூட்டத்தில் பேசுகிறவருக்குக் கொடுத்த நேரம் முடிந்ததும் மைக் தானாகவே அணைந்துவிடுமாம். அங்கே இன்னும் வேலையில் இருக்கும் ஷாலினி போன் பண்ணிச் சொன்னாள்.

"அண்ணே, ஒங்க வேலைய இப்ப ஒரு பெட்டி செய்யுது லா."

"அது கறிபாப் திங்குமா?"

"திங்காது."

"அப்ப என்னவிட நல்ல ஆளுதான்."

அவள் சிரித்தாள். பிறகு, "இத்தன வருசமா கையிலயே நேரம் பாத்தீங்களே, ஒரு தடவகூட தப்பு வரலயா அண்ணே?" என்று கேட்டாள். அதற்கும் ஏதோ ஒரு ஜோக் சொல்லிப் போனை வைத்தேன். என்ன ஜோக் என்று இப்போது ஞாபகம் இல்லை. கேட்ட கேள்விதான் போகவில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் விஞ்ஞானி இல்லை. அப்பா சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். நான் பள்ளியில் படிவம் ஐந்தைத் தட்டுத்தடுமாறி முடித்து, ஈப்போவில் இந்தக் கழகத்துக்கு எடுபிடியாக வந்தேன். புரொஜெக்டர் பல்பு மாற்றப் பழகி, மைக் ஒயர் சுற்றப் பழகி, கடைசியில் கருத்தரங்க மண்டபமே என் கைக்கு வந்தது. முப்பது வருடத்துக்கு மேல் போனது. ஐம்பத்தாறு வயதில், முழங்கால் போதும் என்று சொன்ன பிறகு, முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டு, அவ்வப்போது பத்திரிகைக்குச் சின்னதாக ஏதாவது எழுதுகிறேன். என் பணிக்காலத்தில் அதிகம் வளர்ந்தது என் வயிறுதான்.

கழகத்தில் எல்லாத் துறை ஆட்களும் இருந்தார்கள். மண்ணைப் பார்க்கிறவர், தண்ணீரைப் பார்க்கிறவர், மருத்துவர், மனிதர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று எழுதுகிறவர். ஒருவர் பேசுவது இன்னொருவருக்குப் புரியாது. ஆனால் புரிந்த மாதிரி எல்லாரும் தலையை ஆட்டுவார்கள். அதை நிறுத்தத்தான் பேராசிரியர் லியூ ஒரு வழக்கம் கொண்டுவந்தார்.

லியூ மேடம் எங்கள் இயக்குநர். ஒல்லியான சீனப் பெண்மணி. கைக்கடிகாரத்தின் முகத்தை உள்மணிக்கட்டில் திருப்பிக் கட்டியிருப்பார். சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கும். குனிந்து கேட்க வேண்டிய அளவுக்கு இறங்கினால் அன்றைக்கு யாருக்கோ நேரம் சரியில்லை என்று அர்த்தம். என்னிடம் மலாயில்தான் பேசுவார்.

அவர் வைத்த வழக்கம் இதுதான். புதன்கிழமை மூன்று மணிக்குக் கூட்டம். ஒருவருக்குப் பதினைந்து நிமிடம். இரண்டாவதாகப் பேச வருகிறவர், தன் பேச்சைத் தொடங்கும் முன், முதலில் பேசியவர் என்ன சொன்னார் என்று இரண்டே வாக்கியத்தில் சொல்ல வேண்டும். சொன்னதும் மேடம் முதலாமவரைத் திரும்பிப் பார்த்து, "நீங்கள் சொன்னது இதுதானா?" என்று கேட்பார். அவர் தலையாட்ட வேண்டும். ஆட்டினால்தான் இரண்டாமவர் பேசலாம். ஆட்டியதைக் கூட்டக் குறிப்பில், அதாவது மினிட்டில், எழுதுவோம். 'உறுதி செய்யப்பட்டது' என்று.

வழக்கம் வந்த புதிதில் பெரிய பெரிய டாக்டர்கள் எல்லாம் விழித்தார்கள். மண் டாக்டர் ஒருவர் மூன்று முறை சொல்லியும், முதலில் பேசிய மருத்துவர் தலையை ஆட்டவே இல்லை. கடைசியில் இருவரும் மண்டபத்துக்கு வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். இருவரும் சேர்ந்து எழுதிய ஆய்வு அப்படித்தான் பிறந்தது. ஆக, அந்தத் தலையாட்டலுக்கு ஒரு மதிப்பு இருந்தது.

என் வேலை நேரம் பார்ப்பது. மண்டபத்தின் ஓரத்தில் ஒரு சின்ன மேசை. மூன்று அட்டை. ஐந்து நிமிடம் இருக்கிறது என்றால் பச்சை, இரண்டு நிமிடம் என்றால் மஞ்சள், முடிந்தது என்றால் சிவப்பு. சிவப்புக்கும் நிற்காதவருக்கு மணி. மணிக்கும் நிற்காதவருக்கு மைக்கை அணைப்பேன். வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர், தாடி நெஞ்சு வரைக்கும், சிவப்பு அட்டையைப் பார்த்துவிட்டு எனக்குக் கையசைத்து வணக்கம் சொன்னார். மைக்கை அணைத்தேன். பத்து நிமிடம் மைக் இல்லாமலே பேசினார். அன்று மேடம் என்னிடம், "அடுத்த முறை விளக்கையும் அணைத்துவிடு" என்றார். என் உத்தியோக வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே பதவி உயர்வு அதுதான் என்று வீட்டில் சொல்லிச் சிரிப்பேன்.

இனிச் சொல்லப் போவதில் சிரிப்பு கொஞ்சம்தான்.

கோப்பெங்குக்குத் தெற்கே ஒரு தோட்டம். ரப்பரை அழித்துச் செம்பனை போட்டாகிவிட்டது. வேலையெல்லாம் வெளிநாட்டு ஆட்களிடம் போன பிறகும், போக இடமில்லாத சில குடும்பங்கள் பழைய லயத்து வரிசை வீடுகளிலேயே இருந்தன. குழாய்த் தண்ணீர் கிடையாது, கிணறுதான். குழாய் கேட்டு மனுப் போட்டார்கள். கிணற்றுத் தண்ணீர் குடிக்க லாயக்கில்லை என்று நிபுணர் அறிக்கை கொண்டுவாருங்கள், பிறகு பார்க்கிறோம் என்று அரசாங்க அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். மனு சுற்றிச் சுற்றி எங்கள் கழகத்துக்கு வந்தது. மேடம் எடுத்துக்கொண்டார். தண்ணீர்த் துறையின் டாக்டர் ஃபரீட், இளம் வயது, நல்ல பிள்ளை, தோட்டத்துக்கு ஆட்களை அனுப்பித் தண்ணீர் எடுத்துச் சோதித்தார்.

அறிக்கைக்கு முன்னால் லயத்து ஆள் ஒருவரும் மண்டபத்தில் பேச வேண்டும் என்றார் மேடம். லயத்தார் அஞ்சலை அக்காவை அனுப்பினார்கள். அறுபதை ஒட்டிய வயது. இருபது வருடம் புல்லுக்கு மருந்தடிக்கும் கும்பலில் இருந்தவர், தோளில் பம்பு சுமந்த தழும்போடு. நன்றாகத் தோய்த்த நீலச் சேலை கட்டி, கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

"கடைத்தெருவுல பேசுற பசார் மலாய்தான் தம்பி எனக்கு வரும். இத்தன பெரிய ஆளுங்க முன்னால அது வேணாம். தமிழ்லயே சொல்றேன், நீங்க எடுத்துச் சொல்லுங்க" என்றார்.

அன்று வெளிநாட்டார் சிலரும் இருந்ததால் மண்டபத்தில் ஆங்கிலம். தமிழ் தெரிந்த ஆள் அன்று அங்கே நான் ஒருவன்தான். என் ஆங்கிலம் படிவம் ஐந்தோடு நின்ற ஆங்கிலம். அது பரவாயில்லை. நான் செய்த முதல் தப்பு வேறு. நிகழ்ச்சி நிரல் போட்டவன் நான். அக்காவுக்கும் வழக்கம் போலப் பதினைந்து நிமிடம்தான் போட்டிருந்தேன். தமிழில் சொல்லி, அதை மறுபடி ஆங்கிலத்தில் சொன்னால் இரண்டு மடங்கு நேரம் ஆகும் என்பது இத்தனை வருடம் நேரம் பார்த்தவனுக்குத் தோன்றவில்லை.

அக்கா பேசத் தொடங்கினார். எங்கள் ஆட்கள் பேசுகிற மாதிரிதான். எந்த ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்தது, வேலை வாங்குகிற மண்டோர்களில் யார் எப்படித் திட்டுவார், எந்த வருடம் வெள்ளம் வந்தது. நான் நின்றுகொண்டே மொழிபெயர்த்தேன். ஒரு கையில் மைக், ஒரு கையில் அட்டைகள். பச்சை அட்டையை மேசையில் நானே நிறுத்தி, நானே பார்த்துக்கொண்டேன். அப்போதுதான் அவர் விஷயத்துக்கு வந்தார்.

"எங்க தோட்டத்துல ரெண்டு கெணறு தம்பி. மேட்டுக் கெணறு ஒண்ணு, பள்ளத்துக் கெணறு ஒண்ணு. தண்ணி புடிக்க வந்த தம்பிங்க மேட்டுக் கெணத்துலதான் புடிச்சிட்டுப் போனாங்க. காடி லாரி போற பாத அங்கதான இருக்கு, தோட்டத்து ஆளு அங்கதான் கூட்டிட்டுப் போனான். அந்தத் தண்ணி நல்ல தண்ணி. ஆனா வெயில் காலத்துல அது வத்திரும். அப்ப மூணு நாலு மாசம் பள்ளத்துக் கெணறுதான் எங்களுக்கு. அதுக்குப் பக்கத்துல பழைய ஸ்டோர் இருந்துச்சு. நாங்க மருந்தடிச்சுட்டு வந்து பம்பு கழுவுறது அங்கதான். காலி டின்னெல்லாம் அங்கதான் பொதச்சோம், நானே பொதச்சிருக்கேன். என் ஆடு இருக்கே, அது பள்ளத்துத் தண்ணிய மோந்து பாத்துட்டுத் திரும்பிரும். எத்தன தாகமா இருந்தாலும் குடிக்காது. அந்தத் தண்ணியதான் நாங்க குடிக்கிறோம்."

இத்தனையும் ஒரே மூச்சு. கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு நிமிடம்கூட இல்லை. மூன்றாவது வரிசையில் லியூ மேடத்தின் மணிக்கட்டு திரும்புவது தெரிந்தது. மஞ்சள் அட்டையைத் தூக்கவும் எனக்குக் கை இல்லை.

நான் ஆங்கிலத்தில் சொன்னது இவ்வளவுதான்: வெயில் காலத்தில் கிணற்றுத் தண்ணீர் இவர்களுக்குப் பிரச்சினை. முன்பு அந்தப் பக்கம் மருந்து உபயோகித்திருக்கிறார்கள். அதோடு விட்டிருக்கலாம். நேரம் மிச்சம் பிடித்த சந்தோஷத்தில், "இவருடைய ஆடு ரொம்ப ராங்கிக்காரி. நம் கழகத்துக் கோப்பியை நாம் பார்ப்பதுபோல அது தண்ணீரைப் பார்க்கும்" என்று சேர்த்தேன். மண்டபம் சிரித்தது. எனக்குப் பெருமை.

அக்கா சிரிக்கிற முகங்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பேச்சை நிறுத்திக்கொண்டார்.

அடுத்துப் பேச வேண்டியவர் டாக்டர் ஃபரீட். வழக்கப்படி இரண்டு வாக்கியம் சொன்னார். வெயில் காலத்தில் கிணறு வற்றுவது பற்றி அம்மாள் கவலைப்படுகிறார், பழைய மருந்துகள் பற்றிய பயமும் இருக்கிறது. அவர்மேல் குற்றமில்லை. நான் கொடுத்ததைத்தான் அவர் திருப்பிக் கொடுத்தார்.

மேடம் அஞ்சலை அக்காவின் பக்கம் திரும்பினார். "நீங்கள் சொன்னது இதுதானா?"

நான் குனிந்து அக்காவின் காதருகில், "நீங்க சொன்னதத்தான் சொல்றாரு. ஆமான்னு தலையாட்டுங்க அக்கா" என்றேன்.

அவர் ஆட்டவில்லை. "ரெண்டு கெணத்தயும் சொன்னாரா?" என்று கேட்டார்.

"எல்லாம் சொல்லியாச்சு அக்கா. நேரமாச்சு, ஆட்டுங்க."

"பம்பு கழுவுனது?"

"ஆச்சு அக்கா."

அக்கா தலையாட்டினார்.

நான் மினிட்டில் 'உறுதி செய்யப்பட்டது' என்று எழுதினேன். டாக்டர் ஃபரீட் தன் சோதனையைச் சொன்னார். கிணறு சுத்தம். தேநீர் வேளையில் அக்கா டாக்டரிடம் போய் ஏதோ சொல்லப் பார்த்தார். "வேன் கெளம்புது அக்கா, வாங்க" என்று நான்தான் வாசல்வரை கூட்டிக்கொண்டு போனேன். கறிபாப் இரண்டைத் தாளில் சுற்றிக் கையில் கொடுத்தேன். நல்லபடியாக ஒரு காரியம் முடித்த நினைப்பு எனக்கு.

தண்ணீர் குடிக்க ஏற்றது என்று அறிக்கை போனது. மனு அடியில் போனது. கூட்டத்தின் மினிட் ஒரு பிரதி மலாயில் லயத்துக்கும் போனது.

ஒரு வருடத்துக்கும் மேல் ஆகியிருக்கும். கழகத்தின் பழைய ஒலிப்பதிவுகளை எல்லாம் புதுக் கணினிக்கு மாற்றும் வேலை வந்தது. காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, சத்தம் சரியாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கேட்டுப் பார்ப்பேன். அன்றைய கூட்டம் வந்தது. நான் குனிந்து பேசியபோது என் கையிலிருந்த மைக் அணைக்கப்படாமலே இருந்திருக்கிறது. "ரெண்டு கெணத்தயும் சொன்னாரா?" என்று அக்காவின் குரல் என் காதுக்குள் கேட்டது. அதற்கு ஒருவன், அவசரக்காரன், "எல்லாம் சொல்லியாச்சு அக்கா" என்கிறான்.

அன்று மத்தியானம் நான் சாப்பிடவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய செய்தி என்று புரியும்.

மேடத்தின் அறைக்குப் போய்ச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். கதவைச் சாத்தச் சொன்னார். தமிழில் ஒரு வார்த்தை தெரியாதவர், ஹெட்போனை வாங்கி முழுப் பதிவையும் ஒரு முறை கேட்டார். பிறகு, "ஒவ்வொரு வாக்கியமாகச் சொல். ஒன்றையும் சுருக்காதே" என்றார். நான் சொல்லச் சொல்லத் தன் கையாலேயே எழுதினார். திட்டிய மண்டோர், வந்த வெள்ளம், ஆடு, எல்லாவற்றையும். ஆட்டைப் பற்றிய இடத்தில் பேனாவை நிறுத்தினார்.

"அன்று நாங்கள் எதற்குச் சிரித்தோம்?" என்று கேட்டார். குனிந்துதான் கேட்க வேண்டியிருந்தது.

சொன்னேன்.

"அவர் அன்று கொண்டுவந்த ஆதாரமே அதுதான்" என்றார். "எத்தனை நிமிடம் மிச்சம் பிடித்தாய்?"

"ரெண்டு நிமிசம் மேடம்."

அதையும் எழுதிக்கொண்டார்.

அடுத்த புதன்கிழமை நிகழ்ச்சி நிரலில் முதல் விஷயமாகத் திருத்தம் போட்டார். போடும் முன்பு என்னைக் கூப்பிட்டார். "தவறு யாருடையது என்று பெயர் போடுவதா? நீயே சொல். இங்கே ஒரு விஞ்ஞானி தப்புச் செய்தால் தன் பெயரில்தான் திருத்துவார்." நான் விஞ்ஞானி இல்லையே மேடம் என்றேன். ஜோக் மாதிரித்தான் சொன்னேன். அவர், 'மொழிபெயர்ப்பில் ஏற்பட்ட விடுபடல்' என்று மட்டும் எழுதினார். பெயர் இல்லை.

டாக்டர் ஃபரீட் மறுபடி தண்ணீர் எடுக்கப் போனபோது நானும் கூடப் போனேன். பள்ளத்துக் கிணற்றடியில் பெண்கள் சிலர் நின்றிருந்தார்கள். அக்கா குடத்தோடு வருவதைப் பார்த்ததும் அவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டிருந்த ஒருவர் சத்தமாகச் சொன்னார்.

"தோ, தலையாட்டி வந்திருச்சு. இந்தத் தடவ யாரும் கேள்வி கேட்டுராதீங்க லா. அது பாட்டுக்கு ஆட்டிட்டு வந்திரும், நாம இன்னும் பத்து வருசம் இதத்தான் குடிக்கணும்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். பழக்கம். சிரிப்பு கேட்டால் என் வாய் தானாகத் திறக்கும்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மினிட் பிரதி லயத்துக்கு வந்ததிலிருந்து அக்காவுக்கு அதுதான் பெயர். "ரெண்டு கெணத்தயும் சொன்னேன்" என்று அவர் சொல்லியிருக்கிறார். காகிதத்தில் உறுதி செய்யப்பட்டது என்று இருக்கிறதே என்று கேட்டிருக்கிறார்கள். படித்த ஆட்கள் எழுதிய காகிதத்தை எதிர்த்து அவரிடம் வேறு என்ன இருந்தது?

அக்கா குடத்தைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். நான் ஒரு வார்த்தை சொல்வேன் என்று காத்திருந்தார். அந்தப் பார்வையின் நீளம் எனக்குத் தெரியும், நேரம் பார்த்தே பிழைத்தவன். நான் பாட்டிலில் சீட்டு ஒட்டுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

"தண்ணி குடிக்கிறீங்களா தம்பி?" என்றார் கடைசியில். "மேட்டுக் கெணத்துத் தண்ணிதான். பயப்படாதீங்க."

குடித்தேன்.

பள்ளத்துக் கிணறு குடிக்க லாயக்கில்லை என்று முடிவு வந்தது. புது அறிக்கை போனது. குழாய் வருவதற்கு இன்னொரு வருடம் ஆனது. அதற்குள் வெயில் காலங்கள் வந்து போயின. யாருக்கு எந்த நோய் எதனால் வந்தது என்று சொல்ல எனக்குப் படிப்பு இல்லை. படித்தவர்களும் சொல்லவில்லை. குழாய் வந்த பிறகும் லயத்தில் அக்காவின் பெயர் மாறவில்லை. விடுபடல் என்றுதானே காகிதத்தில் இருந்தது, யார் விட்டது என்று இல்லையே.

அக்கா போன வருடம் இறந்துபோனார். எனக்கு இரண்டு மாதம் கழித்துத்தான் தெரியும். ஷாலினி போன் பண்ணிய மறுநாள், கோப்பெங்கில் இருக்கும் அவருடைய மகள் மல்லிகாவைத் தேடிப் போனேன். பள்ளிக்கூடச் சிற்றுண்டிச் சாலையில் சமைக்கிறார். மத்தியானம் வேலை முடிந்து, ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல், நீள பெஞ்சில் எதிரே உட்கார்ந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு ஜோக்கும் சொல்லவில்லை.

"ஆசுபத்திரில கெடக்கும்போதும் சொன்னாங்க" என்றார் பிறகு. "நான் ரெண்டயும் சொன்னேன்டி, அந்தத் தம்பிக்குத் தெரியும்னு. யாரும்மா அந்தத் தம்பின்னு கேட்டேன். பேரு கேக்கலடின்னாங்க. நான்கூட முழுசா நம்பல அண்ணே. வயசான காலத்துல மனசத் தேத்திக்கச் சொல்றாங்கன்னு நெனச்சேன்."

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"அது எனக்கு வேணாம்" என்றார். "கேட்டிருந்தா அவங்ககிட்ட கேட்டிருக்கணும். லயத்து ஆளுங்கல்லாம் இப்ப இந்தப் பக்கம் அடுக்குமாடியிலதான் இருக்காங்க. ஞாயித்துக்கெழம தமிழ்ப் பேப்பர் வாங்குவாங்க. நீங்க எழுதுற ஆளுதான? எழுதுங்க. அம்மா பேரப் போடுங்க. ஒங்க பேரையும் போடுங்க."

பாத்திரம் கழுவ எழுந்து போய்விட்டார்.

தோட்டத்தின் பெயரை நான் எழுதவில்லை. அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். அவர்களுக்குச் சொல்கிறேன். அஞ்சலை அக்கா அன்று இரண்டு கிணற்றையும் சொன்னார். பம்பு கழுவியதையும், டின் புதைத்ததையும், ஆடு குடிக்காததையும் சொன்னார். எல்லாம் சொல்லியாகிவிட்டதா என்று இரண்டு தடவை கேட்டார். ஆகிவிட்டது என்று பொய் சொல்லி, அவரைத் தலையாட்ட வைத்தவன் நான். என் பெயர் தனபாலன்.